வேலைக்கு விண்ணப்பிக்கும் பக்கத்தில் சட்ட அறிவிப்புகள்: எங்கே வைப்பது?

வணக்கம். புதுச்சேரியில் உட்கார்ந்து அமெரிக்க கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் வேலை பார்ப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், உங்களைத்தான் கேட்கிறோம்.

அங்கே மூன்று அறிவிப்புகள் விண்ணப்பதாரர் கண்ணிலும் பட வேண்டும். 15 ஊழியரோ அதற்கு மேலோ இருந்தால் பாகுபாடு தடைச் சட்டங்களின் 'நோ யுவர் ரைட்ஸ்' (உங்கள் உரிமைகளை அறியுங்கள்) போஸ்டர், 50 பேரோ அதற்கு மேலோ என்றால் எஃப்எம்எல்ஏ என்ற குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்ட அறிவிப்பு, தனியார் என்றால் பெரும்பாலும் உண்மை கண்டறியும் கருவிச் சோதனைத் தடை அறிவிப்பு. முதலாவதில் 2023 ஜூன் பதிப்புதான் வேண்டும். 'ஈஈஓ ஈஸ் த லா' என்ற பழைய போஸ்டரை இன்னும் தொங்கவிட்டிருக்கும் பக்கங்கள் ஏராளம்.

சிக்கல் இதுதான். இணைப்புகள் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கின்றன. போனில் பட்டியலில் உள்ள ஒரு வேலையைத் தட்டினால் நேரே 'அப்ளை' பட்டன். அடிப்பகுதி வருவதே இல்லை. லாகின் செய்த பிறகு காட்டலாம் என்கிறார் மென்பொருள்காரர். அது சரிவராது, கணக்கு தொடங்காதவரும் பார்க்க முடிய வேண்டுமே. போஸ்டரை வெறும் படமாகப் போட்டால் பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதைப் படிக்காது.

பின்னணிச் சரிபார்ப்புக்கான அறிவிப்பு தனித் தாள். அதை விண்ணப்பத்தோடு சேர்க்கச் சொல்லாதீர்கள், அங்கேதான் வழக்கு வருகிறது.

அடிப்பகுதியைத் திருத்த அனுமதி தராத மென்பொருளில், ஒவ்வொரு வேலை விவரத்தின் கீழும் இணைப்பைத் தானாக வரவைத்தவர்கள் உண்டா? எந்த அமைப்பில் செய்தீர்கள்? ஸ்கிரீன்ஷாட் இருந்தால் போடுங்கள்.