800 மைல் தள்ளியிருக்கும் விடுதிக்குப் பெட்டி கட்டுவது எப்படி?

கேள்வி:

அக்கா, வணக்கம். நாங்கள் கோவையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. மகனுக்கு இல்லினாய் மாநிலம் அர்பானா-சாம்பெய்னில் கல்லூரி இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் விடுதி திறக்கிறார்கள். கூடத்தில் இப்போதே 11 அட்டைப்பெட்டிகள் நிற்கின்றன. ஒரு பார்சல் நிறுவனத்தில் விசாரித்தோம். 800 டாலருக்கு மேல் ஆகும் என்றார்கள். வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து நாமே கொண்டுபோய்விடலாம் என்கிறார் கணவர். எது சிக்கனம் என்று சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம் சகோதரி. தம்பிக்கு என் வாழ்த்துகள். மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கே நியூ ஜெர்சியின் எடிசன் ஊரிலிருந்து அதே மாநிலத்துக்கு என் மூத்த மகளை அனுப்பினோம். எங்கள் கூடமும் அப்போது அப்படித்தான் இருந்தது. எதில் அனுப்புவது என்ற யோசனையை ஒருநாள் தள்ளிவையுங்கள். முதலில் அந்த 11 பெட்டிகளையும் பிரித்துத் தரையில் பரப்புங்கள். சிறியதாக இருந்தும் கனக்கிறவை ஒரு குவியல். எடை இல்லாமல் இடத்தை அடைக்கிறவை இன்னொரு குவியல். காசு கொடுத்தாலும் அங்கே கிடைக்காதவை மூன்றாவது. மூன்றுக்கும் வழி வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்ற நினைத்ததால்தான் 800 டாலர் என்ற கணக்கு வந்திருக்கிறது.

இடத்தை அடைக்கிற குவியலை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பணம் அதிகம் போவது அதில்தான். இரண்டு தலையணைகளையும் ஒரு பஞ்சு மெத்தைப் போர்வையையும் ஒரு பெரிய பெட்டியில் வைத்துக் கட்டியிருந்தோம். வீட்டுத் தராசில் 9 பவுண்டு காட்டியது. கூரியர் கடையில் இருந்தவர் தராசைப் பார்ப்பதற்கு முன் அளவு நாடாவை எடுத்தார். நீளம் 24 அங்குலம், அகலம் 18, உயரம் 18. மூன்றையும் பெருக்கினால் 7,776. அதை 139ஆல் வகுத்தார், 56 வந்தது. 56 பவுண்டுக்கு உரிய கட்டணத்தைக் கேட்டார். அவர் எங்களை ஏமாற்றவில்லை. உண்மையான எடை, பெட்டியின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடும் எடை, இவ்விரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூரியர் நிறுவனங்கள் கட்டணம் போடுகின்றன. அந்தத் தொகைக்கு அந்த ஊரிலேயே புதுப் போர்வையும் தலையணையும் வாங்கி, மிச்சத்தில் ஒரு மேசை விளக்கும் வாங்கியிருக்கலாம். பெட்டியைத் திரும்ப வீட்டுக்கே எடுத்துவந்தோம்.

ஆகவே தலையணை, போர்வை, துணிக்கூடை, குப்பைக்கூடை, ஹேங்கர், குளியலறைச் சாமான் எதையும் நியூ ஜெர்சியிலிருந்து அனுப்பாதீர்கள். டார்கெட், வால்மார்ட் கடைகள் இரண்டிலும் வீட்டிலிருந்தபடியே ஆர்டர் செய்து, கல்லூரி ஊரில் உள்ள கிளையில் நேரில் பெற்றுக்கொள்ளும் வசதி இருக்கிறது. விடுதி திறக்கும் வாரத்தில் ஊரில் உள்ள எல்லாப் பெற்றோரும் அதே கடையில்தான் நிற்பார்கள், அலமாரிகள் காலியாகிவிடும். முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். படுக்கை விரிப்பு வாங்கும்போது அளவைக் கவனியுங்கள். பெரும்பாலான விடுதிக் கட்டில்கள் ‘ட்வின் எக்ஸ்எல்’, அதாவது 80 அங்குல நீளம். சாதாரண ‘ட்வின்’ 75 அங்குலம்தான். அந்த ஐந்து அங்குலம் குறைந்தால் விரிப்பு இரவெல்லாம் மூலையில் கழன்றுகொண்டே இருக்கும்.

கனக்கிற குவியலில் முக்கால் பங்கு புத்தகங்களாகத்தான் இருக்கும். அவற்றுக்கு அமெரிக்கத் தபால்துறையின் ‘மீடியா மெயில்’ போதும். கட்டணம் எடையைப் பொறுத்தது மட்டுமே. பக்கத்து ஊருக்கும் கலிஃபோர்னியாவுக்கும் ஒரே விலை. ஒரு பெட்டி 70 பவுண்டு வரை போகலாம் என்றாலும் 30 பவுண்டைத் தாண்டவிடாதீர்கள். அட்டை கிழியும், தூக்குகிற பிள்ளைக்கு இடுப்பு வலிக்கும். இடைவெளியை நிரப்ப ஒரு சட்டையையோ ஊறுகாய்ப் புட்டியையோ உள்ளே செருகக் கூடாது. புத்தகம் போன்றவற்றுக்கு மட்டுமே இந்தச் சலுகை. தபால்துறைக்குப் பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமை உண்டு. வேறு பொருள் இருந்தால் முழுக் கட்டணம் கேட்பார்கள். போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால் முதல் வகுப்புக்கு வேண்டிய புத்தகத்தை இதில் போடாதீர்கள்.

துணிமணி, காலணி போன்றவற்றுக்கு விமானப் பெட்டிதான் மலிவு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. முதல் பெட்டிக்குப் பல விமான நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்குகின்றன. இரண்டாவதற்கு அதைவிடச் சற்று அதிகம். ஒரு பெட்டியில் 50 பவுண்டு போகும். அதே 50 பவுண்டை அதே தொலைவுக்குக் கூரியரில் அனுப்பிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். தம்பியும் அவனோடு ஒருவரும் போனால் நான்கு பெட்டிகள், 200 பவுண்டு. சவுத்வெஸ்ட் விமானத்தில் இரண்டு பெட்டி இலவசம் என்று பழைய நண்பர்கள் சொல்வார்கள். 2025 மே 28 முதல் எடுத்த டிக்கெட்டுகளுக்கு அந்தப் பொதுச் சலுகை இல்லை. விமான நிறுவனத்தின் பெயரில் வரும் கிரெடிட் கார்டு சிலவற்றுக்கு முதல் பெட்டி இலவசம். உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள், கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டிகளைவிடத் துணியால் ஆன பெரிய பைகள் நல்லவை. கெட்டிப் பெட்டியின் சொந்த எடையே பத்துப் பவுண்டு வரும். அந்தப் பத்துப் பவுண்டுக்கும் துணி வைக்கலாம். காலியான பைகளை ஒன்றுக்குள் ஒன்று மடித்துவைத்து நீங்கள் ஒரே பையாகத் திரும்பக் கொண்டுவரலாம். விடுதி அறையில் காலிப் பெட்டி வைக்க இடமே இருக்காது.

வேன் விஷயம். போக 800 மைல், வர 800 மைல். ஒரு கேலன் பெட்ரோலுக்கு 25 மைல் என்றால் 64 கேலன். கேலன் மூன்று டாலர் என்று வைத்தாலும் 200 டாலரை ஒட்டும். அதோடு சுங்கம், போக ஓர் இரவு வர ஓர் இரவு மோட்டல், வேனின் நாள் வாடகை, உங்கள் கணவரின் விடுப்பு நாட்கள். சொந்த வண்டி இருந்து, குடும்பமே சேர்ந்து போய்விட்டு வர விரும்பினால் தாராளமாகப் போங்கள். பென்சில்வேனியாவை டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையில் கடக்காமல் ஐ-80 நெடுஞ்சாலை வழியாகப் போனால் அந்தச் சுங்கம் மிச்சமாகும். பெட்டிகளுக்காக மட்டும் வேன் எடுப்பதானால் வேண்டாம்.

கேள்வி:

மிக்க நன்றி அக்கா. குக்கர், இட்லித் தட்டு, மிக்சி எல்லாம் தனியாக ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். அவன் வெளிச் சாப்பாட்டுக்குப் பழகவில்லை. அதையாவது அனுப்ப வேண்டுமே?

பதில்:

உங்கள் மனது புரிகிறது. நானும் அதே பெட்டியைக் கட்டினேன். ஆனால் அதைக் கட்டும் முன் விடுதியின் தடைப் பட்டியலைப் படியுங்கள். மின் அடுப்பு, ஹீட்டர், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி பெரும்பாலான விடுதிகளில் கூடாது. ரைஸ் குக்கரைச் சில இடங்களில் அனுமதிக்கிறார்கள், பல இடங்களில் இல்லை. ஊதுபத்திப் புகைக்கே தீ எச்சரிக்கை மணி அடித்து மாடி முழுவதும் பிள்ளைகள் வெளியே வந்து நிற்க நேரும். சாமி படத்துக்கு முன் பேட்டரி விளக்கு வைக்கச் சொல்லுங்கள். கோவையிலிருந்து கொண்டுவந்த மிக்சி என்றால் அது 230 வோல்ட். இங்கே 120 வோல்ட். அதை எங்கேயும் அனுப்ப வேண்டாம். முதல் ஆண்டு விடுதி மாணவர்களுக்குப் பெரும்பாலும் உணவுத் திட்டம் கட்டாயம். அதற்குப் பணம் கட்டியாகிவிட்ட பிறகு சமையல் பாத்திரம் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும்.

பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல் அனுப்புங்கள். உண்மையில் அவன் தேடப்போவது அதைத்தான். பொடியை இரட்டைப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள்.

தேங்காய் எண்ணெயை மட்டும் பார்சலில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். வீட்டில் ஏசி ஓடியதால் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. மூடி இறுகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும். ஆகஸ்டு வெயிலில் லாரிக்குள் என்ன சூடு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மகள் பெட்டியைத் திறந்தபோது சுடிதார்கள் எல்லாம் நனைந்திருந்தன. அவள் பாட்டியின் பழைய சுங்குடிச் சேலைகளை இரண்டாக மடித்துத் தைத்த போர்வை ஒன்று அதே பெட்டியில் இருந்தது. ஏழெட்டு முறை துவைத்தும் அதன் ஓரத்தில் இன்னும் கறை இருக்கிறது. காசு கொடுத்தாலும் கிடைக்காதது என்றேனே, அந்த மூன்றாவது குவியல் இதுதான். அதை எந்தப் பார்சலிலும் போடாதீர்கள். கைப்பையில் கையோடு கொண்டுபோகட்டும். சான்றிதழ், மருந்துச் சீட்டு, கண்ணாடியும் அதோடு.

இன்னொருவர் எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்றிரண்டு சேர்க்கிறேன். நான் அந்த ஊரில்தான் படித்தேன். நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்கு லேக் ஷோர் லிமிடெட் என்ற ஆம்ட்ராக் ரயில் ஓடுகிறது. ஓர் இரவுப் பயணம். ஒருவர் தலா 50 பவுண்டு வரை இரண்டு பெட்டிகளையும், தலா 25 பவுண்டு வரை இரண்டு சிறு பைகளையும் கட்டணமில்லாமல் கையோடு ஏற்றலாம். சிகாகோவில் அதே நிலையத்திலிருந்து சாம்பெய்னுக்கு வேறு ரயில் இருக்கிறது. விமானத்தில் வருகிறவர்களுக்கு சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்திலிருந்து நேர் பஸ்கள் உண்டு. பெட்டிகளை ஏற்றி இறக்கக் கூட ஒரு ஆள் இருந்தால் ரயில்தான் சிக்கனம்.

குட்டி ஃபிரிட்ஜ் புதிதாக வாங்க வேண்டாம். அறைத்தோழனோடு பேசி இருவருக்கும் ஒன்று போதும். படிப்பு முடித்துப் போகிறவர்கள் மே மாதத்தில் பாதி விலைக்கும் குறைவாக விற்றுவிட்டுப் போவார்கள். சீனியர் மாணவர்களிடம் இப்போதே கேட்டால் யாரிடமாவது இருக்கும்.

மே மாதத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பருவம் முடிந்ததும் அறையை முழுக்கக் காலி செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஊருக்கு அனுப்பி ஆகஸ்டில் மீண்டும் வரவழைத்தால் இரட்டைச் செலவு. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஐந்துக்கு ஐந்தடி சேமிப்பு அறை ஒன்றை மூன்று மாதத்துக்கு எடுத்தோம். கூரை வரை அடுக்கினோம், எல்லாம் அடங்கியது.

கேள்வி:

தம்பிக்கும் அக்காவுக்கும் நன்றி. குளிர்கால அங்கி, பூட்ஸ்? அவற்றை எப்போது அனுப்புவது? பெட்டிகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டால் அங்கே தயாராக இருக்கும் அல்லவா?

பதில்:

முன்கூட்டி அனுப்பவே கூடாது, சகோதரி. நாங்கள் ஜூலை கடைசியில் இரண்டு பெட்டிகள் அனுப்பினோம். மாணவர் பெயர் இன்னும் பட்டியலில் ஏறவில்லை என்று அஞ்சலறை அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டது. திரும்பவும் கட்டணம் கட்டி அனுப்பினேன். எந்தத் தேதியிலிருந்து பார்சல் ஏற்பார்கள், முகவரியை எப்படி எழுத வேண்டும் என்று விடுதி அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதிவேட்டில் உள்ள முழுப் பெயர், விடுதிப் பெயர், அறை எண் அல்லது அஞ்சல் பெட்டி எண் மூன்றும் வேண்டும். தம்பியை நீங்கள் வீட்டுப் பெயரில் கூப்பிடுவீர்கள். பெட்டியில் அதை எழுதிவிடாதீர்கள். நம் பிள்ளைகளுக்கு இனிஷியலும் அப்பா பெயரும் இடம் மாறி நிற்பதால் இதில் அடிக்கடி குழப்பம் வருகிறது. அதே முகவரியை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளும் வையுங்கள்.

குளிர் அங்கியை இப்போது அனுப்பாதீர்கள். ஆகஸ்டில் அங்கே வியர்த்துக் கொட்டும். அக்டோபர் நடுவில் ஒரு பெட்டியில் அனுப்பலாம். நவம்பர் நான்காவது வியாழன் நன்றியறிதல் நாளுக்கு அவன் வீட்டுக்கு வருவதாக இருந்தால், லேசான மேலங்கி ஒன்றோடு சமாளித்து, கனத்ததை அப்போது உடுத்திக்கொண்டே போகட்டும். உடுத்திய அங்கிக்கு எந்த விமானத்திலும் கட்டணம் இல்லை. அடுத்த கோடையில் பாட்டி தாத்தா இந்தியாவிலிருந்து வந்தால் அவர்கள் பெட்டியில் வருவதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி ஊரில் ஒரு தமிழ்க் குடும்பத்தை இப்போதே தேடிப் பிடியுங்கள். பக்கத்து ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் கேட்டால் யாராவது முன்வருவார்கள். அவசரத்துக்கு ஒரு பெட்டியைப் பெற்று வைப்பார்கள். காய்ச்சல் வந்தால் ஒரு பாத்திரம் ரசம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எங்களுக்கு அப்படி ஒரு வீடு கிடைத்தது. இன்றும் பொங்கலுக்கு முதல் தொலைபேசி அழைப்பு அவர்களுக்குத்தான்.

கேள்வி கேட்டவர், ஒன்பது நாள் கழித்து:

அக்கா, 11 பெட்டிகள் நான்கு துணிப் பைகளும் இரண்டு புத்தகப் பெட்டிகளுமாகக் குறைந்துவிட்டன. மூன்று பைகள் 48 பவுண்டு, ஒன்று 43. மிக்சியைப் பரணில் வைத்துவிட்டேன். மகன் மட்டும் கேரம் பலகையைக் கொண்டுபோவேன் என்று நிற்கிறான். அளந்தால் ஒரு பக்கம் 33 அங்குலம் இருக்கிறது.

பதில்:

நீளம், அகலம், உயரம் கூட்டி 62 அங்குலத்தைத் தாண்டினால் விமானத்தில் கூடுதல் கட்டணம் சகோதரி. இரண்டு பக்கங்களே 66 ஆகிவிட்டது. பலகை வீட்டில் இருக்கட்டும். காய்களையும் அவன் கைக்குப் பழகிய ஸ்ட்ரைக்கரையும் அந்த 43 பவுண்டுப் பையில் வையுங்கள். அந்த ஊரில் அத்தனை இந்தியப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பலகை வைத்திருக்கும் ஒருவனை முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிடுவான்.