சுரப்பா, செலுத்தமா?

செக்ரீஷனுக்குச் 'சுரப்பு' என்ற சொல் பாடநூலிலேயே இருக்கும்போது, 'செலுத்தம்' என்று புதிதாக ஒன்று எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். சுரப்பி, இயக்குநீர் (ஹார்மோன்) என்று வரும் இடங்களில் அதை நானும் தொடமாட்டேன். பாக்டீரியா தன் புரதம் போன்றவற்றை வெளியே அனுப்பும் கருவியான செக்ரீஷன் சிஸ்டத்துக்குத்தான் அது ஒட்டவில்லை.

பால் சுரக்கிறது, ஊற்று சுரக்கிறது என்கிறோம். தானாக ஊறி வருவது சுரப்பு. இந்தக் கருவிகளை எண் போட்டு வகை பிரிக்கிறார்கள்; குடல் நோய் தரும் சால்மோனெல்லா பாக்டீரியாவின் மூன்றாம் வகை அமைப்பில் நடப்பதே வேறு. பாக்டீரியாவின் இரண்டு சவ்வுகளிலும் பதிந்து நிற்கும் ஓர் அடித்தளம். அதிலிருந்து வெளியே நீளும் உள்ளீடற்ற ஊசி. 1998-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த உருவம் தெரிந்தது. ஊசியின் துளை இரண்டு மூன்று நானோமீட்டர்தான். மடிந்த புரதம் அதில் நுழையாது. மடிப்பைப் பிரித்து, இழையாக்கி, ஆற்றலைச் செலவழித்துத் தள்ள வேண்டும். போய்ச் சேரும் இடம் நம் குடல் செல்லின் உட்புறம். இதைச் 'சுரப்பு' என்று எழுதினால் மாணவர் மனதில் ஏதோ கசிகிற படம்தான் வரும்.

'உமிழ்வு' கரிம உமிழ்வுக்குப் போய்விட்டது. 'வெளியேற்றம்' என்றால், பாக்டீரியா மருந்தை வெளியே தள்ளும் பம்புகளோடு குழம்பும். 'பீச்சல்' செயலுக்கு நெருக்கம், ஆனால் வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள்.

எனக்குப் பிடித்தது 'செலுத்து'. ஊசி மருந்தையும் செலுத்துகிறோம், வண்டியையும் செலுத்துகிறோம். செலுத்துவது யார், எதை, எங்கே என்ற மூன்றும் அந்த வினைக்குள் இருக்கின்றன. வரியும் செலுத்துகிறோமே என்று யாராவது கேட்பார்கள். அதுவும் தானாகச் சுரப்பதில்லையே! ஆகவே செயலுக்குச் செலுத்தம், கருவிக்குச் செலுத்தமைப்பு. முன்னால் 'புரத' சேர்க்க வேண்டாம், போவது புரதம் மட்டுமல்ல. நான்காம் வகையைக் கொண்டு அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா தாவர செல்லுக்குள் டிஎன்ஏவையே அனுப்புகிறது.

ஓர் இடத்தில் இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். காலரா நச்சு இரண்டாம் வகை வழியாக வெளியே விடப்படுகிறது; பிறகு குடல் செல்லைத் தேடி ஒட்டிக்கொள்வது நச்சின் பாடு. அங்கே 'சுரப்பு' அவ்வளவு தப்பில்லை. ஆனாலும் வகைக்கு ஒரு சொல் வைத்தால் வரிசை எண்ணுக்கே பொருள் போய்விடும்.

அப்புறம், எஃபெக்டர்: பாக்டீரியா இப்படி நம் செல்லுக்குள் செலுத்தி வேலை வாங்கும் புரதம். 'விளைவுப் புரதம்' என்று எழுதியிருந்தீர்கள்; அந்தச் சொல்லில் உயிர் இல்லை. 'ஏவற்புரதம்' எப்படி? சால்மோனெல்லா அனுப்பும் புரதங்கள் குடல் செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் இழைகளை மாற்றியமைக்க, செல் தன் சவ்வை மடித்துக் கிருமியைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. சூனியக்காரர் சொல்லும் ஏவலும் நினைவுக்கு வந்தால் வரட்டும், பொருத்தம்தான்.

கிருமி தரும் நோயின் கடுமையைக் குறிக்கும் விருலன்ஸுக்கு 'நச்சுத்தன்மை' கூடவே கூடாது. 1928-ல் பிரிட்டிஷ் நுண்ணுயிரியலாளர் கிரிஃபித் செய்த சோதனையில் உறையுள்ள நிமோனியா பாக்டீரியா எலிகளைக் கொன்றது, உறையற்றது கொல்லவில்லை. உறை நச்சல்ல, எலியின் விழுங்கு செல்களிடமிருந்து தப்ப உதவும் போர்வை. நோய் தர முடியுமா என்பது நோயாக்குதிறன், எவ்வளவு கடுமையாக என்பது நோய்வன்மை என்று பிரித்துக்கொள்ளலாம்.

சரி, ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன்: "பிசிஜி காசநோய்த் தடுப்பூசிக் கிருமி நோய்வன்மையை இழந்ததில், ஏழாம் வகைச் செலுத்தமைப்பு ஒன்றின் மரபணுக்கள் சில அழிந்துபோனதற்குப் பெரும் பங்கு உண்டு." இதையே சுரப்பு, நச்சுத்தன்மை என்று மாற்றி எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.