பாடசாலை அபிவிருத்திச் சங்கத் தேர்தலில் நிற்கலாமா? வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது

கூடலூர்க்காரி, செவ்வாய் இரவு 9.40

வணக்கம். கணவர் இலங்கைக்காரர். தமிழ்நாட்டிலிருந்து துணைவர் விசாவில் இலங்கை மலையகத்துக்குக் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மகனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்கிற பெற்றோர் கமிட்டிக்குப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். தலைவர் பதவிக்கு நிற்கிறேன் என்று நான்கைந்து அம்மாக்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இன்று மதியம் அவனை அழைத்துவரப் போனபோது அங்கே இருந்த ஒருவர், "உங்களுக்கு அடையாள அட்டையே இல்லையே, நீங்க எப்படி நிக்கிறது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதுதான் தீர்ந்தது.

பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை. என் மகன் காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். நிறைத்துக் கொடுக்கிற தண்ணீர் போத்தல் நிறைந்தபடியே திரும்பி வருகிறது. போன மாதம் சிறுநீரில் தொற்று வந்து மூன்று நாள் காய்ச்சல். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். அவனிடம் சொன்னால், "குடிச்சா போகணும்லம்மா" என்கிறான். எட்டு வயசு.

எங்கள் ஊரில் 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுவை மாற்றி அமைத்தபோது நான் உறுப்பினராக இருந்தேன். இருபது பேரில் பதினைந்து பேர் பெற்றோர், தலைவரும் ஒரு அம்மாதான். இங்கே வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் நிற்கலாமா? மூன்று நாள்தான் இருக்கிறது.

ஸ்கார்பரோ அண்ணன்

தங்கச்சி, நான் பண்டாரவளையில் பிறந்தவன், கனடாவுக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஒன்ராறியோவில் பாடசாலைச் சபைக்கு நிற்க கனடியக் குடியுரிமை வேண்டும், பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், அந்தச் சபையின் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். நான்கு வருடத்துக்கு ஒரு முறை நகரசபைத் தேர்தலோடு சேர்த்து ஒக்டோபரில் நடக்கும். ஆனால் ஒவ்வொரு பாடசாலைக்கும் தனியாக ஒரு கவுன்சில் உண்டு. செப்டம்பரில் பள்ளி தொடங்கி முப்பது நாளுக்குள் அதற்கான தேர்தல் முடிந்துவிடும். அதன் தலைவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும், அதிபருக்கு வாக்கு இல்லை. முதல் குளிர்காலத்தில் ஒரு பேஸ்மென்டில் நான்கு பேராக இருந்தோம். மகளின் டீச்சர் அனுப்பும் கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொண்டு ஓடுவேன். அந்தக் கவுன்சில் கூட்டத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்துதான் எனக்கு ஆங்கிலமே காதில் ஏறியது. பயப்படாதீர்கள். முதலில் ஒரு துண்டுப்பிரசுரம் அடியுங்கள்.

நானுஓயா தம்பி

அண்ணா, அக்கா கேட்பது இங்கே உள்ள பள்ளியைப் பற்றி. தோட்டத்தில் துண்டுப்பிரசுரம் கொடுத்தால் யூனியன் தேர்தல் என்று நினைப்பார்கள்.

அக்கா, வெளிநாட்டவர் நிற்க முடியாது. என் சித்தப்பா சங்கத்தில் இருந்தவர், அடையாள அட்டை இலக்கம் எழுதித்தான் கையெழுத்து வாங்குவார்களாம்.

வெள்ளவத்தை வாசி

நான் சென்னையிலிருந்து 2022 ஜனவரியில் கொழும்புக்கு வந்தவன். என் அனுபவத்தில் சொல்கிறேன், துணைவர் விசாவில் இருக்கும்வரை எந்தச் சங்கத்திலும் பெயர் கொடுக்காதீர்கள். யாராவது ஒரு பெட்டிஷன் போட்டால் விசாவைப் புதுப்பிக்கும்போது பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு அலுவலகத்துக்கு நடந்தே கால் தேய்ந்துவிடும். நான் வந்த மூன்றாம் மாதம் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. கேஸ் சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்திருக்கிறேன். கைக்குழந்தைக்குப் பால் சுடவைக்க நெருப்பில்லை. அந்த நேரத்தில் ஊர்க்காரர்கள் சண்டை போட்டபோதுகூட நான் வாய் திறக்கவில்லை. நமக்கு எதற்கு? மகனை நல்ல தனியார் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.

லிந்துலை மகள்

தனியார் பள்ளியில் சேர்த்தால் மற்றப் பிள்ளைகள் தண்ணீருக்கு என்ன செய்வார்கள்? அக்கா கேட்டது தன் மகனுக்கு மட்டும் இல்லையே.

அக்கா, மகனின் பிறப்பை இலங்கைத் தூதரகத்தில் பதிந்தீர்களா? அப்பா இலங்கையர் என்றாலும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பதிந்தால்தான் குடியுரிமை. எங்கள் மாமாவின் மகள் தரம் 11 வந்தபிறகு அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கப் போய்த்தான் அது இல்லை என்றே தெரிந்தது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கிவிட்டது, மாமா வேலையை விட்டுவிட்டு அலைந்தார். தேர்தல் அடுத்த முறையும் வரும், முதலில் இதைச் செய்யுங்கள்.

பதுளை, ஓய்வுபெற்ற அதிபர்

மகளே, நீங்கள் சொல்லாமல் விட்டவை நிறைய இருக்கின்றன. எந்த மாகாணம்? தேசிய பாடசாலையா, மாகாணப் பாடசாலையா? சேர்வுப் பதிவேட்டில் பாதுகாவலர் என்று யார் பெயர் இருக்கிறது, உங்களுடையதா கணவருடையதா? கணவர் என்ன வேலை செய்கிறார்? இவ்வளவும் தெரிந்தால்தான் பேச முடியும்.

ஒன்றை மட்டும் உடனே சொல்லிவிடுகிறேன். இங்கே தலைவர் பதவிக்கு யாரும் நிற்பதில்லை. அதிபர்தான் பதவிவழித் தலைவர். நீங்கள் "தலைவராக நிற்கிறேன்" என்று சொன்னது அவர் காதுக்கு எட்டியிருந்தால், தன் நாற்காலியைக் கேட்கிறார் என்று நினைத்திருப்பார். அடையாள அட்டைக் கதை அங்கிருந்துதான் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கம்பளை தம்பி

வெளிநாட்டவர், வெளிநாட்டவர் என்று எல்லோரும் எழுதுவதைப் பார்க்க மனசு என்னமோ செய்கிறது. கூடலூர் என்றாலே எனக்குத் தெரியும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுப்பதாக எழுதினார்கள். என் அப்பாயியின் தங்கச்சியும் அப்படிப் போனவர்தான். நீலகிரியில் டான்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தே செத்துப்போனார். இங்கே மிச்சம் இருந்தவர்களில் பலருக்கு 2003 சட்டம் வரும்வரை நாடே இல்லை. அந்தக் குடும்பத்துப் பிள்ளை திரும்பி வந்தால் இப்போது "அட்டை எங்கே" என்கிறார்கள்.

நானுஓயா தம்பி

அது உண்மை அண்ணா. ஆனால் எங்கள் பள்ளிகளுக்கு யார் வந்து என்ன செய்தார்கள்? கணித டீச்சர் வருவார், வருட முடிவில் மாற்றம் வாங்கிக்கொண்டு டவுனுக்குப் போவார். நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டேன், பக்கத்துப் பள்ளியில் அந்தப் பிரிவே இல்லை. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் எடுத்த காலத்திலிருந்து இதே கதை என்று அப்பா சொல்வார்.

வெள்ளவத்தை வாசி

கொழும்பிலும் அட்மிஷனுக்கு என்ன பாடு தெரியுமா? தூரம் அளந்து புள்ளி போடுகிறார்கள். இரண்டு வருடம் அலைந்தேன்.

கூடலூர்க்காரி, புதன் காலை 6.10

எல்லோருக்கும் நன்றி. கம்பளை அண்ணா எழுதியதைப் படித்துவிட்டுத் தூங்கவே இல்லை. என் தாத்தாவும் ஹட்டன் பக்கத்திலிருந்து போனவர்தான். அதை நான் எழுதியிருக்க வேண்டும்.

ஐயா கேட்டதற்கு: மத்திய மாகாணம், ஹட்டன் வலயம், தரம் ஐந்து வரைக்கும் உள்ள சின்னப் பாடசாலை. பதிவேட்டில் என் பெயரும் இருக்கிறது, நான்தான் கையெழுத்துப் போட்டேன். மகனின் பிறப்பைச் சென்னையில் பதிந்துவிட்டோம். கணவர் இந்தத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். நாங்கள் குவாட்டர்ஸில் இருக்கிறோம். பாடசாலைக்குத் தண்ணீர் மேட்டுலயத்துக்கு, அதாவது மேட்டில் உள்ள தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலே உள்ள பீலி என்கிற நீரூற்றிலிருந்து குழாயில் வந்துகொண்டிருந்ததாம். மண் சரிந்து குழாய் உடைந்தபிறகு யாரும் போடவில்லை.

லிந்துலை மகள்

அக்கா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். உங்கள் அடையாள அட்டையைப் பற்றி அந்த அம்மாக்களுக்கு ஒன்றும் கவலை இல்லை. நீங்கள் குவாட்டர்ஸ். அவர்களுடைய பேரை, அதாவது நாள் வேலைக் கணக்கை, எழுதுகிற ஆபீஸில் உங்கள் வீட்டுக்காரர் இருக்கிறார். உங்கள் முன்னால் "சரிங்க" என்றுதான் சொல்வார்கள். கூட்டத்தில் கை தூக்குவார்களா என்பது வேறு.

என் அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். வெள்ளிக்கிழமை பத்து மணி என்றால் மலையில் கூடை அரைவாசி நிறையும் நேரம். இறங்கி வந்து கூட்டம் முடித்துத் திரும்பினால் நிறுவையில் கிலோ குறையும், அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். நாள் சம்பளத்தில் பாதி போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். எங்கள் பள்ளிக் கூட்டங்களுக்கு அம்மா ஒரு தடவைதான் வந்தார். கூடைக் கயிறு அழுத்திய தடம் நெற்றியில் அப்படியே இருந்தது. படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே கதவுக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் தரம் நான்கில் படித்தேன். இன்றைக்கும் அந்தக் கதவு என் கண்ணுக்குள் இருக்கிறது.

உங்களுக்கு அந்த அம்மாக்கள் வேண்டும் என்றால் பள்ளி வாசலில் பேசாதீர்கள். நாளைக்கு மாலை கொழுந்து நிறுத்து முடிந்தபிறகு லயத்துக்குப் போங்கள். வீட்டுக்காரரை அழைத்துப் போக வேண்டாம். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், பாய் போட்டால் பாயில் உட்காருங்கள், தேத்தண்ணி கொடுத்தால் குடியுங்கள். நீங்கள் பேசுவதற்கு முன்னால் அவர்களுடைய பிள்ளைகள் கழிப்பறைக்கு என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

கம்பளை தம்பி

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். சங்கக் கணக்கை அதில் கேட்டால் 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

பதுளை, ஓய்வுபெற்ற அதிபர்

அந்தச் சட்டம் குடிமக்களுக்குத்தான் தம்பி. கேட்பதானால் இவருடைய கணவர் பெயரில் கேட்க வேண்டும், தோட்டத்து ஆபீஸில் வேலை செய்பவர் பெயரில் அப்படி ஒரு கடிதம் போவது இப்போதைக்கு நல்லதல்ல. வருடக் கணக்கைப் பொதுக்கூட்டத்திலேயே வாசிக்கத்தான் போகிறார்கள். வாசிக்கும்போது கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். மகளே, நீங்கள் அந்தப் பாடசாலையில் படிக்கும் பிள்ளையின் தாய், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர். பெற்றோர் என்ற முறையில்தான் சங்கத்தில் இருக்கிறீர்கள். பாடசாலைச் சங்கம் அரசியல் கட்சி அல்ல. அதனால் விசாவைப் பற்றிச் சொன்னதை நினைத்துக் கலங்க வேண்டாம். அடையாள அட்டை குடிமக்களுக்கு மட்டும் தருவது, வருகைப் பதிவில் உங்கள் பாஸ்போர்ட் இலக்கத்தை எழுதுங்கள். யாராவது மறுத்தால் வாய்த்தர்க்கம் வேண்டாம். சங்கத்தின் விதிகள் எழுதிய யாப்பையும் சுற்றறிக்கையையும் காட்டும்படி அதிபரிடம் கேளுங்கள். அதிலும் தீராவிட்டால் கோட்டக் கல்விப் பணிப்பாளரிடம் எழுத்தில் கேட்கலாம்.

செயலாளர் பதவியைக் கேட்காதீர்கள். பொறுப்பு அதிகம் உள்ள இடம் அது, ஐந்து மாதம் பழகியவருக்குக் கொடுக்கத் தயங்குவார்கள், தயங்குவதில் தப்பில்லை. நிர்வாகக் குழு உறுப்பினராக நில்லுங்கள், போதும். இங்கே ஒருவர் உங்கள் பெயரைப் பிரேரிக்க வேண்டும், இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும். உங்கள் ஊரில் முன்மொழிவது, வழிமொழிவது என்பீர்கள். இரண்டு பேரும் அன்றைக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். லயத்தில் இருக்கும் தாய் ஒருவர் பிரேரித்தால் நல்லது. பீலி இருக்கும் காணியும் குழாய் போகிற வழியும் தோட்டத்துக் காணி, 1992 முதல் கம்பனி நிர்வாகத்தில் உள்ளது. பாடசாலை எழுதிக் கேட்டால்தான் துரை, அதாவது தோட்ட மேனேஜர், அனுமதிப்பார். உங்கள் கணவர் அந்தக் கடிதத்தை ஆபீஸில் நகர்த்திக் கொடுக்க முடியும். ஆனால் அதை வைத்து நீங்கள் வாக்குக் கேட்காதீர்கள்.

நாளைக்குக் காலையே அதிபரைப் போய்ப் பாருங்கள். தலைவர் என்று சொன்னது ஊர் வழக்கம் தெரியாமல் சொன்னது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஆசிரியர் பற்றாக்குறையில் பாடமும் எடுத்துக்கொண்டு அலுவலகமும் பார்க்கிறவராக இருப்பார். நானும் அப்படி இருந்திருக்கிறேன்.

ஸ்கார்பரோ அண்ணன்

துண்டுப்பிரசுரம் என்று சொன்னதை மறந்துவிடுங்கள் தங்கச்சி. குழாய்க்குக் காசு குறைந்தால் இங்கே பண்டாரவளைக்காரர்கள் நான்கைந்து பேர் இருக்கிறோம். சங்கத்துக் கணக்குக்கே நேராக அனுப்புகிறோம்.

கூடலூர்க்காரி, வியாழன் இரவு 8.25

காலையில் அதிபரைப் பார்த்தேன். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவரே, "அன்னைக்கு அப்படிக் கேட்டது எனக்குப் பிறகுதான் தெரியும்" என்றார். யாப்பை எடுத்துக் காட்டினார். கூட்ட நேரத்தை இந்த முறை மாற்ற முடியாதாம், கடிதம் போய்விட்டது.

மாலை கீழே உள்ள பணியலயத்துக்குப் போனேன். மூன்று வீட்டில் உட்கார்ந்தேன். முதல் வீட்டில் பேச்சே வரவில்லை, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தேன். மூன்றாவது வீட்டு அக்காவின் மகள் தரம் ஐந்து. அவளும் தண்ணீர் குடிக்காமல்தான் போகிறாளாம். அந்த அக்கா நாளைக்கு அரைப்பேர் போனாலும் வந்து பிரேரிக்கிறேன் என்றார். வேண்டாம் அக்கா, சம்பளம் போகுமே என்றேன். "ஒரு நாள்தானே, வாறேன்" என்றார். ஆமோதிக்க ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லி நாளைக்கே ஒரு கடிதம் கொடுக்க ஆசை. இங்கே எப்படி எழுதுவார்கள்?

லிந்துலை மகள்

எழுதிக்கொள்ளுங்கள் அக்கா. "மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கு, தரம் 3 மாணவனின் தாய் எழுதிக்கொள்வது. பெற்றோரில் பலர் மலை வேலைக்குச் செல்வதால் வார நாட்களில் கூட்டத்துக்கு வருவோருக்கு அன்றைய சம்பளத்தில் பாதி இல்லாமல் போகிறது. ஆகவே அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை அல்லது போயா தினத்தில் நடத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." போயா என்றால் இங்கே பௌர்ணமி விடுமுறை நாள். கீழே உங்கள் கையெழுத்தோடு நிறுத்தாதீர்கள். அந்த அக்காவின் கையெழுத்தை முதலில் வாங்குங்கள், உங்களுடையது இரண்டாவதாக இருக்கட்டும்.

ஆமோதிக்க ஆள் வேண்டும் என்றால் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் கேளுங்கள். அவரிடம் வளராத பிள்ளை அந்தத் தோட்டத்தில் இருக்காது. பேரனோ பேத்தியோ பள்ளியில் இருந்து அவர்தான் பாதுகாவலர் என்றால் வரலாம். காலை ஆறரைக்கே மடுவம் திறந்திருக்கும்.