மறுமொழி: சஸ்பென்ஷன் லிஃப்ட்டுக்குத் தமிழ்ச்சொல்

அனுப்பியவர்: தெம்பனிஸ்

வணக்கம். சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் அமைப்பை, மாற்றி வண்டியை உயர்த்தும் வேலைக்குச் சொல் தேடுகிறோம்.

> "இடைநீக்க உயர்வு" என்று வைக்கலாமே? சஸ்பென்ஷனுக்கு இடைநீக்கம் என்றுதான் அகராதி சொல்கிறது.

வேண்டாம் ஐயா. ஒருவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, அதே கடிதத்தில் பதவி உயர்வும் கொடுத்ததுபோல இருக்கிறது.

எனக்குச் சிக்கலாகத் தெரிவது சஸ்பென்ஷன் அல்ல, லிஃப்ட்தான். பட்டறையில் நாலைந்து வெவ்வேறு வேலைகளுக்கு இந்த ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். பழைய சுசுகி எஸ்ஜே410 ஜீப் வகை வண்டியையே எடுத்துக்கொள்வோம். நான்கு சக்கரத்துக்கும் பட்டைவில், அதாவது லாரிக்காரர்கள் 'பிளேட்' என்பது. வில்லுக்கு மேலே அச்சு உட்கார்ந்திருக்கும்.

அதிக வளைவுள்ள புது வில் போட்டால் வண்டி உயரும். இதில் குழப்பம் இல்லை. நீளமான சாக்கிள், அதாவது வில்லின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் தகடு, மாட்டினாலும் உயரும், ஆனால் பாதிதான். சாக்கிள் வில்லின் ஒரு முனையில் மட்டும் இருப்பதால், 2 அங்குலம் நீட்டினால் அச்சுக்கு நேரே 1 அங்குலம்தான் கிடைக்கும். அதோடு முன் அச்சு சாய்ந்து, ஸ்டியரிங்கை நேராக நிறுத்த உதவும் காஸ்டர் கோணம் குறையும். அப்புறம் விரைவுச்சாலையில் ஸ்டியரிங் அலைகிறது என்று புலம்ப வேண்டியதுதான்.

மூன்றாவது வழியில் புது வில்லே வேண்டாம். அச்சுக்குக் கீழே இருக்கும் வில்லை அவிழ்த்து மேலே வைத்துக் கட்டுவார்கள். அச்சுக்குழாயின் தடிமனும் வில்கட்டின் தடிமனும் சேர்ந்து ஏறக்குறைய 5 அங்குலம் வந்துவிடும். மலிவு என்று ஆசைப்படுகிறார்கள். ஆனால் பிரேக் ஹோஸ் எட்டாது, எஞ்சின் விசையை அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடும், ஸ்டியரிங் கம்பி சரிந்து நின்று குழியில் இறங்கும்போதெல்லாம் வண்டியைப் பக்கவாட்டில் இழுக்கும். இதற்கு நான் தரும் சொல் 'மேல்கட்டு'. கம்பெனியிலிருந்து வருவது 'கீழ்க்கட்டு'. யு-போல்ட் போட்டுக் கட்டுவதால் 'கட்டு' பொருந்தும்.

கடைசியாக பாடி லிஃப்ட். சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைப்பது. வில் அதே இடத்தில்தான் இருக்கிறது. பெரிய டயர் உரசாமல் சுற்ற இடம் கிடைக்கும், அவ்வளவுதான். பாடி கட்டுவதைக் 'கூண்டு கட்டுதல்' என்று சொல்லும் வழக்கம் இருக்கிறதே, அதையே எடுத்துக் 'கூண்டு தூக்கல்' எனலாம். மேலே சொன்ன மற்ற மூன்றும் 'வில் தூக்கல்'.

இப்படிப் பிரிப்பதில் பயன் இருக்கிறது. 'லிஃப்ட்' என்று மட்டும் கேட்டவருக்குக் கட்டை வைத்து அனுப்பினால் யாரைக் குறை சொல்வது? இங்கே சிங்கப்பூரில் 10 ஆண்டு தாண்டிய காரை ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளும் உண்டு. எதைத் தூக்கினோம் என்று தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. இதுபோன்ற, இரு சக்கரத்தையும் ஒரே அச்சு இணைக்கும் முழு அச்சு வண்டியில் மேலே சொன்ன எதைச் செய்தாலும், அச்சின் நடுவே உருண்டையாகத் தெரியும் டிஃபரென்ஷியல் (பல்சக்கரப் பெட்டி) தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட எழும்பாது. அதை எழுப்புவது பெரிய டயர் மட்டுமே, அதுவும் விட்டம் கூடியதில் பாதி அளவு. மலேசியாவின் ஜொகூர் பக்கம் செம்பனைத் தோட்டச் சேற்றில் மாட்டுவது பெரும்பாலும் அந்த உருண்டைதான்.

- - -
அனுப்பியவர்: ஈசூன்

'தூக்கல்' பேச்சுவழக்காகப் படுகிறதே. 'உயர்த்தல்' கண்ணியமாக இருக்கும். மேலும், பழைய பஜேரோவின் முன்பக்கம் இருப்பது டார்ஷன் பார், நேரான கம்பி. அதைப் போய் வில் என்று யார் ஒப்புவார்?

- - -
அனுப்பியவர்: தெம்பனிஸ்

ஐயா, 'கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது' என்று குழம்பில் உப்பைச் சொல்கிறோம், வண்டியையும் அப்படியே சொல்கிறோம். 'உயர்த்தல்' போட்டால் விலையா, சம்பளமா என்று கேட்பார்கள். பட்டறையில் வாயில் வராத சொல் பட்டியலிலேயே தங்கிவிடும்.

டார்ஷன் பார் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். ஆனால் வில் என்பது வடிவமல்ல, செயல். விசை கொடுத்தால் இணங்கி, விட்டால் திரும்புவது. அந்தக் கம்பி வளைவதற்குப் பதில் முறுகுகிறது. ஆகவே 'முறுக்குவில்'. அதன் போல்ட்டைத் திருகி வண்டியை உயர்த்துவதற்குச் சொல் தேடவே வேண்டாம், 'முறுக்கேற்றல்' தயாராக இருக்கிறது. ஒரு பொருளும் புதிதாகச் சேர்ப்பதில்லை என்பதையும் அது சொல்லிவிடுகிறது. முறுக்கேற்றினால் வில் கடினமாகாது, நிற்கும் உயரம்தான் மாறும். சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறைந்துபோகும். அளவுக்கு மீறினால், சக்கரத்துக்கு விசை கொடுக்கும் தண்டின் மூட்டான சிவி ஜாயின்ட்டின் கோணம் கூடி ரப்பர் உறை கிழியும்.

உயர்த்துவதற்காக நடுவே வைக்கும் துண்டான ஸ்பேசருக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. கூண்டுக்கடியில் வைப்பது கட்டை, 1998 ஜிம்னியின் சுருள்வில்லோடு வைப்பது வளையம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்காமல் கட்டை, வளையம் என்றே விட்டுவிடலாமா?