மாரடோனாவை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் மக்களே, வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். ஒரு சின்ன உதவி.

2012 அக்டோபரில் அர்ஜென்டினா கால்பந்து வீரர் மாரடோனா கேரளாவின் கண்ணூருக்கு வந்தார் இல்லையா? எங்கள் மாமா மங்களூர் மெயிலில், முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே போய் ஸ்டேடியத்தில் பார்த்துவிட்டு வந்தார். மாரடோனா பாட்டுப் பாடியது, கூட்டத்தை நோக்கிப் பந்தை உதைத்தது எல்லாவற்றையும் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். (பந்து தன் கையில் பட்டது என்பார். வருஷா வருஷம் கதை கொஞ்சம் வளர்கிறது, அது வேறு.) செல்போனில் எடுத்த படங்கள் மெமரி கார்டோடு போய்விட்டன. 2020 நவம்பர் 25, சாவுச் செய்தி வந்த ராத்திரி மனிதர் சாப்பிடவே இல்லை.

அன்று கேலரியில் இருந்த யாரிடமாவது படமோ வீடியோவோ இருந்தால் அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், 1977இல் கொல்கத்தா ஈடன் கார்டனில் பிரேசில் கால்பந்து வீரர் பீலே நியூயார்க் காஸ்மாஸ் அணிக்காக, கொல்கத்தாவின் மோகன் பகான் அணியுடன் ஆடியதைப் பார்த்த பெரியவர்கள் காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். நானே வீட்டுக்கு வந்து கேட்டுப் பதிவு செய்துகொள்கிறேன். ஞாயிறு காலை மட்டும் வேண்டாம், மேட்ச் இருக்கும்.