பக்கவாதத்துக்குப் பின் கைப்பயிற்சிக்குக் கீபோர்டு

கேள்வி: அப்பாவுக்கு வலது கை பலவீனம், பேச்சும் திக்குகிறது. சொல்வதெல்லாம் புரிகிறது. கீபோர்டில் எப்படித் தொடங்கலாம்?

பதில்: பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். முன்கைக்கு மேசைத் தாங்கல் வேண்டும். முதலில் ஒரே சுரம், பிறகு இரண்டு, போகப்போக ஐந்து. டச் சென்சிட்டிவிட்டியை (அழுத்தும் வேகத்துக்கேற்பச் சத்தம் மாறும் வசதி) அணைத்துவிடுங்கள்; மெல்ல அழுத்தினாலும் முழுச் சத்தம் வரும், அவருக்கும் உற்சாகம். விரல்கள் தனித்தனியாக அசையவில்லையா? டிரம் பேடை (தட்டினால் தாள ஒலி தரும் எலக்ட்ரானிக் பலகை) உள்ளங்கையால் தட்டட்டும். பக்கவாதம் வந்தவர்களுக்கு இப்படிப் பயிற்சி கொடுத்துப் பார்த்து 2007இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 3 வாரங்களில் 15 அமர்வுகள், தலா 30 நிமிடம். வீட்டில் 10 நிமிடத்தில் ஆரம்பியுங்கள்.

பதில்: தோளைத் தூக்கியோ உடம்பைச் சாய்த்தோ அடித்தால் உடனே நிறுத்துங்கள். சுரம் கேட்கும், விரல் வேலை செய்திருக்காது. தோள் வலித்தால் அன்றைக்கு வேண்டாம்.

பதில்: பேச்சுக்கு, "தண்ணி வேணும்" போன்ற அன்றாடச் சொற்களை இரண்டே சுரங்களில் மெதுவாக இழுத்துப் பாடுங்கள். அசைக்கொரு தட்டு, அவருடைய இடது கையால்: தண்-ணி-வே-ணும். முதலில் சேர்ந்து பாடி, பாதியில் நீங்கள் விலகுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் வழிகாட்டினால் நல்லது.