தென்சீனக் கடல்: தீர்ப்பு எதிராக வந்தும் சீனாவின் பிடி எப்படி இறுகுகிறது?

கேள்வி: தென்சீனக் கடல்ல சீனா கோர்ற உரிமைக்கு எதிரா பிலிப்பைன்ஸ் போட்ட வழக்குல, 2016ல ஹேக் தீர்ப்பாயம் பிலிப்பைன்ஸ் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. அப்புறமும் சீனா எப்படி முன்னேறுது? நேரடிப் போரும் இல்லையே?

பதில் 1: போர் ஆகாம பார்த்துக்கிறதுதான் அவங்க உத்தியே. முன்னால மீன்பிடிப் படகு வடிவத்துல துணைப்படை, அடுத்து கடலோரக் காவல்படை, கடற்படை எட்ட நிக்கும். 2021 மார்ச்ல பிலிப்பைன்ஸ் உரிமை கோர்ற விட்சன் பாறைத்திட்டுல சுமார் 200 சீனப் படகு ஒண்ணோட ஒண்ணு கட்டி வரிசையா நின்னுச்சு. துப்பாக்கிக்குப் பதிலா தண்ணீர்ப் பீரங்கி. காரணம், 1951 அமெரிக்க-பிலிப்பைன்ஸ் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் 'ஆயுதத் தாக்குதல்' நடந்தாத்தான் செயலுக்கு வரும். தண்ணி பட்டு கண்ணாடி நொறுங்கி மாலுமி காயப்பட்டாலும் அந்தக் கோட்டைத் தாண்டலைன்னு வாதாடலாம். இது அப்பட்டமான அடாவடி.

பதில் 2: செயற்கைத் தீவை விட்டுட்டீங்க. 2013 கடைசியில தொடங்கி, பவளப்பாறையை வெட்டி மணலை உறிஞ்சிக் கொட்டி, தென்சீனக் கடல்ல இருக்குற ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டத்துல சுமார் 3,200 ஏக்கர் மேடாக்கினாங்க. ஃபியரி கிராஸ், சுபி, மிஸ்சீஃப்னு அப்படி உருவாக்கின மூணு தீவுலயும் விமான ஓடுதளம் இருக்கு. கடல் சட்டப்படி அலை ஏறினா மூழ்குற திட்டு மேல எவ்வளவு கொட்டினாலும் 12 கடல் மைல் உரிமை வராது. 500 மீட்டர் பாதுகாப்பு வளையம்தான். ஆனா ரேடாரும் ஏவுகணையும் வெச்சவனுக்கு உரிமைப் பத்திரம் எதுக்கு?

கேள்வி கேட்டவர்: அப்போ பிலிப்பைன்ஸால என்னதான் செய்ய முடியும்?

பதில் 1: 1999ல செகண்ட் தாமஸ் திட்டுல 'சியரா மாத்ரே'ங்கிற பழைய போர்க்கப்பலை வேணும்னே தரைதட்ட வெச்சு, அதுல வீரர்களை இருத்தியிருக்காங்க. துருப்பிடிச்ச அந்தக் கப்பலுக்குச் சோறும் சிமெண்டும் போகாம சீனா தடுக்கப் பார்த்ததுலதான் 2024 வரை அங்க பெரிய மோதல்கள் நடந்துச்சு. 2023ல இருந்து ஒவ்வொரு மோதலையும் படம்பிடிச்சு உடனே வெளியிடுறாங்க. அது சீனாவை நிறுத்தலை, ஆனா மறைக்க விடலை.